வெட்டுக்காட்டுக் கிணற்றில் எடுத்த மூன்றாவது படம்

திருமானூர் பஸ் ஸ்டாண்டில் கலியம்மாள் தன் அக்காவின் முகத்தைப் பார்த்தது பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம். முட்டிவலிக்கு மாத்திரை வாங்க வந்தவள், மருந்துக்கடைக்குப் போகாமல் டீக்கடையை ஒட்டிக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கறுப்பு வெள்ளைப் படம். ஆள் உயரத்துக்குமேல் பெரிதாக்கியிருந்தார்கள். மணமேடையில் உட்கார்ந்திருந்த பெண், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல முகத்தை லேசாகத் திருப்பியிருந்தாள். இடது புருவத்தின் நடுவில் ஒரு தழும்பு. சின்ன வயதில் கன்றுக்குட்டி முட்டியது.

கலியம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கொஞ்சம் வரும். கண்ணாடி கொண்டுவரவில்லை.

"அதுல என்ன போட்டிருக்கு தம்பி?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"அரியலூரின் முதல் படங்கள்னு போட்டிருக்கும்மா. லூர்து ஸ்டூடியோ பிலவேந்திரன் எடுத்த போட்டோவெல்லாம் கண்காட்சி வைக்கறாங்களாம். அடுத்த மாசம்."

"அந்தப் பொண்ணு பேரு போட்டிருக்கா?"

"இல்லியே. மணப்பெண், 1974. அவ்வளவுதான்."

அவள் அரியலூர் பஸ்ஸில் ஏறினாள்.

பிலவேந்திரனுக்கு அப்போது எண்பத்தைந்து வயது. வரதராஜன்பேட்டையில் பிறந்து, திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1965ல் அரியலூரில் சொந்தமாகக் கடை போட்டவர். கூட்டாளி அரியமுத்து. திரைச்சீலையில் ஏரியும் அன்னப்பறவையும் வரைந்தது, படத்துக்கு டச்சிங் செய்தது, இருட்டறையில் நின்று கழுவியது எல்லாம் அரியமுத்து. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாறி மாறிப் படம் எடுத்தபடி இரண்டு பேரும் சைக்கிளில் சுற்றாத கிராமம் இல்லை. ஏலாக்குறிச்சித் தேர், கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து கூரையின்மேல் உட்கார்ந்திருந்த குடும்பம், சுண்ணாம்புக்கல் வெட்டப் போகும் பெண்கள், கரும்பு வண்டிகள், வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் படம் எடுக்க லப்பைக்குடிக்காட்டிலிருந்து கூட்டமாக வந்த ஆண்கள். யார் வீட்டில் என்ன நடந்தாலும் லூர்து ஸ்டூடியோவுக்கு ஆள் வந்துவிடும். செல்போன் வந்த பிறகு பிலவேந்திரன் கடையை மூடி, கீழ்த்தளத்தை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை. மாடியில் மகளோடு இருந்தார்.

மகள் மரிய புஷ்பம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பத்து மூன்று வயது. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பையன் ஓசூரில் வேலையில் இருந்தான். போன வருஷம் சென்னையிலிருந்து அரவிந்தன் என்று ஒருவர் வந்தபோது அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தது அவள்தான். பழைய புகைப்படங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிற ஓர் அமைப்பில் அவர் வேலை பார்த்தார். பரண்மேல் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டி நெகட்டிவ்களை எடுத்துப்போய் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதாக ஒரு தகரப்பெட்டியும் பரணில் இருந்தது. பிலவேந்திரன் அதைக் கொடுக்கவில்லை.

"அது போலீசுக்கு எடுத்தது. பொணமும் ஆக்ஸிடென்ட்டும். அத எவன் பாப்பான்" என்றார்.

கண்காட்சியின் முகப்புப் படமாக அந்த மணப்பெண்ணை அரவிந்தன் தேர்ந்தெடுத்தபோதும் பிலவேந்திரன் மூன்று முறை வேண்டாம் என்றார். கண் சரியாக விழவில்லை, வேறு எடுங்கள் என்றார். பெரியவருக்குத் தன் வேலையின் அருமை தெரியவில்லை என்று அரவிந்தன் சிரித்தார். புஷ்பமும் அப்படித்தான் நினைத்தாள்.

கலியம்மாள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். புஷ்பம் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிலவேந்திரன் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு படம் வச்சிருக்கீங்களே, அது எங்கக்கா. வெற்றிச்செல்வி" என்றாள் கலியம்மாள். "எங்கக்கா படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. கல்யாணப் படமெல்லாம் புருசன் வூட்டுலயே வச்சிக்கிட்டாங்க. ஒரு காப்பி போட்டுத் தர முடியுங்களா?"

"ஓ, தாராளமா. உங்கக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"செத்துப் போச்சு டீச்சர். கல்யாணமாயி ரெண்டு வருஷத்துல. வெட்டுக்காட்டுல புருசன் வூட்டுக் கெணத்துல." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அன்னிக்குப் படம் எடுக்க நீங்கதான வந்தீங்க? நீங்களும் இன்னொருத்தரும்."

பிலவேந்திரன் பேப்பரை இறக்கவில்லை.

"எத்தனையோ கெணறு. எனக்கு எங்க ஞாபகம்" என்றார்.

கலியம்மாள் புஷ்பத்தின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். அவள் போய் வெகுநேரம் ஆகியும் அப்பா பேப்பரின் அதே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் புஷ்பம் கவனித்தாள்.

நான்கு நாள் கழித்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வந்தவர் பெயர் ராஜேஷ். வெட்டுக்காட்டுக் காசிநாதனின் மகன், லாரி தொழில். பழக்கூடையோடு வந்திருந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"டீச்சர், அந்தப் படத்துல இருக்கறது எங்கப்பாவோட மொத சம்சாரமாம். எங்களுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. அப்பாவுக்கு எழுபத்தேழு வயசு, படுத்த படுக்கை. எங்கம்மா மனசு சங்கடப்படுது. வேற படம் வச்சிக்கங்களேன்."

புஷ்பம் பதில் சொல்வதற்குள் பிலவேந்திரன் சொன்னார்: "எடுத்துடலாங்க. நான் மெட்ராஸ்காரங்கிட்ட சொல்லிடறேன்."

மறுநாளே ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் தேர்ப் படம் வந்தது.

புஷ்பம் அப்பாவை நன்றாக அறிந்தவள். ஒரு படத்தின் ஓரத்தை வெட்டினால்கூட வாரக்கணக்கில் முணுமுணுப்பவர். ஒரு பழக்கூடைக்கு இவ்வளவு சீக்கிரம் இணங்கியது அவளை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அப்பா பூசைக்குப் போன நேரத்தில் பரணிலிருந்து அந்தத் தகரப்பெட்டியை இறக்கினாள்.

அப்பா எதையும் ஒழுங்காக வைப்பவர். ஒவ்வொரு உறையின்மீதும் ஊர்ப்பெயர், தேதி, எத்தனை நெகட்டிவ் என்று எழுதியிருந்தார். நூற்றுக்குமேல் உறைகள். 'வெட்டுக்காடு, கிணறு, 3' என்று எழுதியிருந்த உறை நடுவில் இருந்தது. 1976, ஜூன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலாவதில் கிணற்றுமேடும் கயிறும் வாளியும். இரண்டாவதில் பாயில் கிடத்திய உடல், ஈரச் சேலை கழுத்துவரை இழுத்து மூடியிருந்தது. மூன்றாவது கிட்டத்தில் எடுத்தது. சேலை விலகியிருந்தது. ஓர் ஆணின் கை மோவாயைத் தூக்கிப் பிடித்திருந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு வெள்ளையாகத் தெரிந்தது. இடது காதுக்குக் கீழே தொடங்கி நேராகப் போய் வலது காதுக்குக் கீழே முடிந்தது.

அவள் அதைக் கீழே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகவில்லை. போனில் படம் எடுத்து, நிறத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிலவேந்திரன் பூசை முடிந்து வந்தபோது பெட்டி நடுக்கூடத்தில் திறந்து கிடந்தது. அவர் கைத்தடியைச் சாய்த்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாருப்பா கை அது?" என்றாள் புஷ்பம்.

"அரியமுத்து."

"எல்லாம் ஞாபகம் இருக்குல்ல அப்ப?"

அவர் நேற்று நடந்ததைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார்.

"எஸ்.ஐ. ரெண்டு படம் போதும்னு சொல்லிட்டு, காசிநாதன் வூட்டுக்குள்ள போயி உக்காந்துட்டாரு. அரியமுத்துதான் சேலைய வெலக்கிப் பாத்தான். இத எடுய்யான்னான். எடுத்தேன். மறுநா பிரிண்ட்ட கொண்டுபோயிக் காட்டுனேன். இது எதுக்கு எடுத்த, கெணத்துக் கயிறு பட்டிருக்கும்னு சொல்லி அவரே கிழிச்சிப் போட்டாரு. நெகட்டிவ் எங்கன்னாரு. எரிச்சிடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஏன் எரிக்கல?"

"நல்லா விழுந்திருந்துச்சு" என்றார் பிலவேந்திரன்.

புஷ்பத்துக்கு முதலில் புரியவில்லை.

"உச்சி வெயிலு. ஈரத் தோலு. அந்த வெளிச்சத்துல அந்தக் கோடு அவ்வளவு தெளிவா விழறது லேசு இல்ல. கை வரல எரிக்க."

"ஒரு பொண்ணக் கழுத்த நெரிச்சிருக்காங்க. நீங்க வெளிச்சத்தப் பத்திப் பேசறீங்க."

"நான் என்ன பண்ணியிருக்க முடியும்? எமர்ஜென்சி நேரம். போலீஸ்னா அப்ப யாரு எதுத்துப் பேசுவா? நீ அஞ்சு வயசுக் கொழந்த. அரியமுத்து குதிச்சான், படத்தப் பொண்ணோட அப்பங்கிட்ட குடுத்துடுவோம்னு. அவனுக்கென்ன, தனிக்கட்ட. நான் முடியாதுன்னேன். கோச்சிக்கிட்டுப் பாடாலூருக்குப் போனவன்தான். அப்பறம் என் மூஞ்சில முழிக்கவே இல்ல."

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எங்கே பிணம் கிடந்தாலும் போலீஸ் ஜீப் லூர்து ஸ்டூடியோ வாசலில்தான் வந்து நின்றது. இருபது வருஷம். அதை அவர் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த உறைகளைப் பார்த்தே புஷ்பத்துக்குத் தெரிந்தது. அரியமுத்து மாமா ஏன் தன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று அவள் கேட்டபோது, அவனுக்குப் பொறாமை என்று அப்பா சொன்னதும் ஞாபகம் வந்தது. அரியமுத்து பாடாலூரில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். கண்காட்சிக்கான அறிவிப்பு எதிலும் அவர் பெயர் இல்லை.

மணப்பெண் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து எடுத்துக்கொண்டு புஷ்பம் திருமானூருக்குப் போனாள். கலியம்மாளின் வீடு கொள்ளிடத்துக்குப் போகிற வழியில், கரும்புக்காட்டுக்கு நடுவில் இருந்தது. மகன் குடும்பத்தோடு திருப்பூரில் இருக்க, இவள் மட்டும் இரண்டு மாட்டோடு இருந்தாள். படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"இந்தச் சேல எங்கம்மா திருவையாத்துல எடுத்தது. அரக்கு" என்றாள்.

புஷ்பம் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். இன்னொரு படம் இருக்கிறது என்றும், அதில் என்ன தெரிகிறது என்றும். கலியம்மாள் அழுவாள், தன்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் கலியம்மாள். "குளிப்பாட்டுனது நானும் எங்கம்மாவுந்தான். அறுத்துப் பாக்கல, ஒண்ணும் பண்ணல, சாயங்காலமே எடுத்துக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. மஞ்சத் தண்ணி ஊத்தி ஊத்தித் தேச்சோம். அந்தக் கோடு போகல. எங்கம்மா அது மேல ஒரு துண்டச் சுத்தி மறைச்சிட்டுத்தான் அழுதுச்சு. எனக்கு அப்ப பதினாறு."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொல்லாம என்ன. எங்கப்பா எட்டு மாசம் நடந்தாரு. ஆதாரம் இருக்கான்னு கேட்டாங்க. அப்பதான் உங்கப்பாகிட்ட வந்தாரு. கழுத்துகிட்ட குனிஞ்சு எடுத்தத எங்கப்பா பாத்தாரு இல்ல? அந்தப் படத்தக் குடுங்கன்னு கேட்டாரு."

புஷ்பம் நிமிர்ந்தாள். "எங்கப்பாகிட்டயா?"

"ஒரு தடவ இல்ல, மூணு தடவ. கடை வாசல்ல ராத்திரி ஆவுற வரைக்கும் நின்னுருக்காரு. உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? அந்தப் படம் விழலன்னாரு. வெறும் வெள்ளையா போச்சுன்னாரு."

வெளியே மாடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. கலியம்மாள் எழுந்து போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள்.

"எங்கப்பா அத நம்பிட்டாரு. அதான் கொடுமை. நம்ம நேரம் சரியில்ல, படங்கூட விழ மாட்டேங்குதுன்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு."

"அம்மா, நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க. பண்றேன்."

கலியம்மாள் உடனே பதில் சொன்னாள். பல நாள் யோசித்துவைத்திருந்ததுபோல இருந்தது. "மணப்பெண்ணுன்னு போட்டீங்களே, அதுக்குப் பதிலா அவ பேரப் போடுங்க. எப்படிச் செத்தான்னும் போடுங்க. அந்தச் செத்த படத்தக் காட்டாதீங்க, அவ மானத்தோட இருந்தவ. எழுதிப் போடுங்க. உங்கப்பா கையால எழுதித் தரச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் புஷ்பம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். கலியம்மாளின் அப்பா கடை வாசலில் நின்றதைப் பற்றிக் கேட்டாள். பிலவேந்திரன் அதை மறுக்கவில்லை. தாளைத் தொடவும் இல்லை.

"எழுதுனா செத்தவ வந்துடுவாளா? நாளைக்கு மேடையில எனக்குப் பொன்னாடை போத்தப் போறாங்க. சாவறதுக்கு முன்னாடி எனக்குன்னு நடக்கற ஒரே நல்ல காரியம் அது. அதையும் கெடுக்கப் பாக்கற."

"அவரு மூணு தடவ வந்தாருப்பா."

"வந்தாரு. நான் என்ன ராஜாவா? போட்டோ புடிக்கறவன்."

அரவிந்தனிடமும் போனில் பேசினாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம், தனிப்பட்ட முறையில எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார். "ஆனா அந்தக் காசிநாதன் உயிரோட இருக்காரு. கேஸ் போட்டா எங்க அமைப்பு தாங்காது. கண்காட்சி ஐயாவோட கலையைப் பத்தினது. அதுல இது வேண்டாமே."

"பாதிப் படம் அரியமுத்து மாமா எடுத்தது. அவர் பேராவது போடுவீங்களா?"

"எது யாரு எடுத்ததுன்னு ஐயாதான் மேடம் சொல்லணும். எல்லாம் தான் எடுத்ததுன்னு சொல்லியிருக்காரு."

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தொடக்க நாளன்று காலை எட்டு மணிக்கே புஷ்பம் போனாள். கலியம்மாளும் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருந்தாள். சுவரில் தேர்ப் படத்துக்கும் வெள்ளப் படத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், புஷ்பம் சட்டம் போட்ட மணப்பெண் படத்தை மாட்டினாள். கீழே ஓர் அட்டை. அப்பா எழுதித் தராததைத் தன் கையெழுத்தில், கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிது பெரிதாக எழுதியிருந்தாள்:

'இவர் பெயர் வெற்றிச்செல்வி. 1976 ஜூனில், இருபத்திரண்டு வயதில், வெட்டுக்காட்டில் புகுந்த வீட்டில் இறந்தார். கிணற்றில் விழுந்ததாகச் சொன்னார்கள். கழுத்தில் இறுக்கிய தடம் இருந்தது. அந்தப் படத்தை எடுக்கவைத்தவர் அரியமுத்து. மறைத்தவர் என் தந்தை பிலவேந்திரன். மரிய புஷ்பம்.'

ஒன்பது மணிக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தேரைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் இரண்டு முறை படித்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். கலியம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். "ஆமாங்க, எங்கக்கா. ஆமாங்க, நான்தான் குளிப்பாட்டுனேன்."

பத்தேகாலுக்குப் பிலவேந்திரன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்து அழைத்துவந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் வணக்கம் சொல்லவில்லை. அவர் படத்துக்கு முன்னால் நின்று அட்டையைப் படித்தார். மெதுவாக, கடைசி எழுத்துவரை படித்தார். பிறகு தலையைத் திருப்பாமலே அரவிந்தனிடம் சொன்னார்:

"பிரிண்ட்டு ரொம்பக் கறுத்துப் போச்சு. இறக்கிடுங்க."

கலியம்மாள் அவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

"எங்கப்பா உங்க கடை வாசல்ல நின்னாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் பிலவேந்திரன்.

"அப்பறம் ஏன் படம் விழலன்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் புஷ்பம் நினைத்தாள். அதற்குள் விழாக்குழுவினர், "ஐயா, நேரமாச்சு, மேடைக்கு வாங்க" என்று தோளைப் பிடித்து நகர்த்திக் கொண்டுபோனார்கள். அவரும் நகர்ந்துபோனார். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டலும் இருந்தது, முதலில் மெதுவாக, பிறகு வழக்கம்போல. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேர் வந்து படத்தைக் கழற்றி, அட்டையை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்கள். கலியம்மாள் படத்தை அவர்களிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

புஷ்பம் அதோடு விடவில்லை. பெரம்பலூரில் வக்கீலாக இருந்த வினோதினி அவளுடைய பழைய மாணவி. நெகட்டிவை எடுத்துக்கொண்டு, கலியம்மாளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். வினோதினி நெகட்டிவை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"கொலைக்குக் காலக்கெடு கிடையாது டீச்சர். மனு குடுக்கலாம்" என்றாள். "ஆனா அந்த எஸ்.ஐ. உயிரோட இல்ல. பொணத்தப் பாத்ததா பஞ்சாயத்தார்னு கையெழுத்துப் போட்டவங்களும் இருக்க மாட்டாங்க. பழைய ஃபைல எப்பவோ அழிச்சிருப்பாங்க. படத்த எடுத்தவர் சாட்சி சொல்லணும், இது நான் எடுத்ததுதான், இன்னாரோட உடம்புதான்னு. சொல்லுவாரா?"

"கேக்கறேன்" என்றாள் புஷ்பம்.

கேட்டாள். பிலவேந்திரன் தனக்கு மறதி வந்துவிட்டதாகச் சொன்னார். அதற்கு ஒரு டாக்டர் சீட்டும் வாங்கிவைத்திருந்தார்.

மனு கொடுத்தார்கள். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் வேறு வேறு ஆட்கள் முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஜூலையில் காசிநாதன் தூக்கத்திலேயே இறந்துபோனார். திருமானூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையை ஒட்டி அவருக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். எதிரி இறந்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டதாக ஆகஸ்டில் தபால் வந்தது.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு புஷ்பம் கலியம்மாளின் வீட்டுக்குப் போனாள். கலியம்மாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசி வரிவரை கேட்டுவிட்டு, மடித்துக் கூரை எரவாணத்தில் செருகினாள். டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள்.

"அடுத்த மாசம் ஒரு எட்டு வந்துட்டுப் போறேம்மா" என்று புஷ்பம் எழுந்தாள்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள் கலியம்மாள்.

புஷ்பம் நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க எனக்காக அலஞ்சீங்க, எங்க சொந்தக்காரன் எவனும் அவ்வளவு அலஞ்சதில்ல. ஆனா ஒவ்வொரு தடவயும் நீங்க வாசல்ல வந்து நிக்கறப்ப எனக்கு அவரு மூஞ்சிதான் தெரியுது. அப்படியே உரிச்சி வச்சிருக்கீங்க. என்னால முடியல."

"சரிம்மா" என்றாள் புஷ்பம்.

கரும்புக்காட்டு வழியாக ரோட்டுக்கு நடந்துவந்து, அரைமணி நேரம் நின்று பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. பிலவேந்திரன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

"பசிக்குது" என்றார்.

அவள் பையை மாட்டிவிட்டு, கையைக் கழுவி, குக்கரில் அரிசி வைத்தாள்.